இரண்டு ஆட்டம், ஒரு ரவிக்கை

ஒரு பஸ் கண்டக்டருக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கப் போய்த்தான் நான் நாடகக்காரி ஆனேன். சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபது வயது. மலாக்காவில், காஜா பெராங்கில் வாடகை வீடு. அப்பாவுக்கு நகராட்சியில் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை. சைக்கிளில் வீடு வீடாகப் போய்க் குறித்துக்கொண்டு வருவார். நான் வீட்டிலேயே தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்து வாலிபர் சங்கம் வருடத்துக்கு ஒரு நாடகம் போடும். அதில் கதாநாயகி என்றால் தெங்கேரா பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் அண்ணன்தான். ஆள் நல்ல சிவப்பு, குழைகிற குரல். புடவை கட்டி நின்றால் பெண்களே பொறாமைப்படுவார்கள். அந்த அழகிக்கு ரவிக்கை தைக்கிற பெருமை எனக்கு வந்து சேர்ந்தது.

வயசுப் பெண் ஆம்பிளைக்கு அளவு எடுக்கலாமா? கூடாது. அதனால் வாசலில் அப்பா டேப்பைப் பிடிப்பார், நான் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று எழுதிக்கொள்வேன். மார்பளவு வரும்போது அப்பாவுக்கு வெட்கம் வந்துவிடும். வாயால் சொல்லாமல் கதவிடுக்கில் விரலை நீட்டிக் காட்டுவார். கண்டக்டர் அண்ணன் மட்டும் சிலை மாதிரி நின்றுகொண்டு, "கைய கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கய்யா, போன தடவ தொளதொளன்னு இருந்துச்சி" என்பார்.

சுதந்திரம் வருவதற்கு முந்தின மாதங்கள் அவை. ஊரெல்லாம் மெர்டேகா பேச்சு. அந்த வருஷ நாடகத்தை வாத்தியாரே எழுதியிருந்தார். வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடையில் கஜக்கோல் பிடித்துத் துணி கிழிக்கிறவர்; மாலையில் எங்களுக்கு நாடக வாத்தியார். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போடக் கொண்டுபோன தம்பிக்காகக் காத்திருக்கும் ஒரு அக்காளின் கதை. கடைசிக் காட்சியில் தம்பி இறந்துபோன செய்தி வருகிறது. அக்காள் அழுகிறாள். திரை.

ரவிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்க்க அம்மாவோடு ஒத்திகைக்குப் போயிருந்தேன். கண்டக்டர் அண்ணன் அந்த அழுகைக் காட்சியைப் பண்ணிக்கொண்டிருந்தார். ஐயோ சாமி! மார்பில் அறைந்துகொள்கிறார், தரையில் விழுகிறார், இந்தப் பக்கம் உருண்டு அந்தப் பக்கம் போகிறார். என் ரவிக்கையின் அக்குள் தையல் அவ்வளவையும் தாங்குமா என்ற கவலை ஒரு பக்கம். அதைவிடப் பெரியது எரிச்சல். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தால் வாய் நிற்காது. வளையலை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

"அண்ணே, எந்தப் பொம்பள இப்படி அழுவா? அடுப்புல சோறு கொதிக்குதுன்னு இப்பத்தானே வசனம் பேசினீங்க? நீங்க உருண்டுகிட்டு கெடந்தா சோத்த யாரு வடிக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. "பின்ன எப்படி அழுவா? செஞ்சு காட்டு" என்றார்.

செய்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அம்மா அப்போது வெளியே யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை. "ஜனங்க டிக்கெட் வாங்கிட்டு வர்றாங்க தங்கச்சி, அழுகச் சத்தம் கேக்க வேணாமா? இது ரொம்ப ஊமையா இருக்குலா" என்று கண்டக்டர் அண்ணன் தலையைச் சொறிந்தார். வாத்தியார் மட்டும் மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார், மகளை மேடையேற்ற அனுமதி கேட்டு.

அப்பா எடுத்த எடுப்பிலேயே முடியாது என்றார். "நான் வீடு வீடா போறவன். குழாயடியில குனிஞ்சு மீட்டர் பாக்கையில, ஒவ்வொரு வீட்டு ஆம்பிளையும் 'நேத்து உங்க மகள மேடையில பாத்தேன்'னு ஆரம்பிச்சா, நான் மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?"

வாத்தியார் வியாபாரி. முழுத் துணி விலை போகாவிட்டால் பாதி வெட்டிக் கொடுக்கத் தெரிந்தவர். "அப்ப ஆம்பிளைங்களே இல்லாத ஆட்டம் ஒன்னு போட்டுடுவோம். ஞாயித்துக்கிழம ரெண்டு மணிக்கு, பொம்பளைங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் மட்டும். அதுல உங்க மக. சாயங்காலம் எல்லாருக்கும். அதுல நம்ம கண்டக்டர்."

அப்பா யோசித்தார். "ஒரு ஆம்பிள உள்ள வரக் கூடாது."

"வர மாட்டாங்க."

"ஒருத்தன்கூட."

"ஒருத்தன்கூட."

மேடையில் எனக்கு மாமனாராகவும் கொழுந்தனாராகவும் நிற்கப் போகிறவர்கள் ஆம்பிளைகள்தான் என்பது அப்பாவுக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியது, ஆனால் வாயைத் திறப்பேனா? வாத்தியார் சைக்கிள் தெருமுனை திரும்பும் வரை கால் தரையில் பாவாமல் நின்றேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது. அந்த ஒருத்தன்கூட என்பதில் அப்பாவும் சேர்த்தி.

இதை நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்பா பார்க்க வேண்டும். மற்றவர்கள் பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி. நான் எத்தனை துணி தைத்தாலும் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து "ம்" என்பார்; அவ்வளவுதான் அவரிடம் வாங்கக்கூடிய பாராட்டு. அந்த "ம்" ஒன்றை நாடகத்துக்கும் வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு வெறி.

"நீங்க மட்டும் ஓரமா நின்னு பாருங்களேன்ப்பா" என்று இரண்டு தடவை கேட்டேன்.

"நான் போட்ட சட்டத்த நானே மீறவா?" என்றார் இரண்டு தடவையும்.

டிக்கெட் விற்க ஆரம்பித்ததும் எந்த ஆட்டத்துக்குப் போவது என்பதில் ஊரே இரண்டுபட்டது. சாயங்காலம்தான் விளக்கு வெளிச்சம் நன்றாக இருக்கும், சேலை கலர் எடுக்கும் என்று நகைக்கடை வீட்டு அம்மாக்கள் சொன்னார்கள். பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுச் சாயங்காலம் வருவது, மத்தியானமே மேல் என்று மற்றவர்கள். சங்கத்துப் பையன்கள் டிக்கெட் கட்டை வைத்துக்கொண்டு கூவிய கூவல் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "மத்தியானம் நெசப் பொம்பள! சாயங்காலம் நல்லா நடிக்கிற பொம்பள!"

ரவிக்கை ஒன்றுதான். இன்னொன்று தைக்கச் சங்கத்துக்கு வசதி இல்லை. அண்ணன் அளவுக்குத் தைத்ததை நான் போட்டால் கூடாரம். முதுகுப் பக்கம் மடித்து ஏழு பின்னூசி குத்தி, அதை முந்தானையால் மூடிக்கொண்டு மேடையேறினேன். திரும்பினால் குத்தும், அதனால் அன்றைக்கு நான் முதுகை நிமிர்த்தியே நின்றேன். என்ன கம்பீரம் என்று பிறகு பலர் மெச்சிக்கொண்டார்கள்.

இரண்டு மணி ஆட்டம் இரண்டே முக்காலுக்குத்தான் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி ஆக்கி, ஆம்பிளைகளுக்குப் போட்டு, சட்டி பானை கழுவி வைக்காமல் எந்தப் பெண் வருவாள்? வாத்தியார் ஓரத்தில் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வியர்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் காட்சிக்கு நான் தயாரானபோது மணி நாலு இருபத்தைந்து. அவர் திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"முடிச்சிடுவோம். நாலரைக்கு ராகு காலம். முதல் தடவ மேடையேறின பொண்ணு, சாவுச் செய்திய ராகு காலத்துல வாங்க வேணாம். கதைய வாயால சொல்லிடுறேன். முழுசா பாக்கணும்னா சாயங்காலம் வரட்டும்."

முழுசாக என்றால்? நான் மூன்று மாதம் மனப்பாடம் பண்ணியது அந்த ஒரு காட்சிக்கு. வளையல் முழங்கைக்கு ஏறிவிட்டது.

"வாத்தியாரே, உங்க கடையில தொங்குற நாள்காட்டி எங்க அச்சடிச்சது?"

"மெட்ராஸ்ல."

"நாலரை மெட்ராஸ்காரங்களுக்கு. அங்க ஆறு மணிக்கு விடியுது. நம்ம ஊர்ல ஆறரைக்கு மேலதானே விடியுது? விடியறதே முக்கா மணி நேரம் லேட்டுன்னா, ராகு மட்டும் எப்படி நேரத்துக்கு வருவாரு? அவரு இன்னும் கெளம்பியே இருக்க மாட்டாரு!"

மாமனார் வேஷக்காரர் ஒட்டுத்தாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாத்தியார் விரல் விட்டு எண்ணினார், மறுபடி எண்ணினார். மலாக்காவில் எத்தனை கல்யாணப் பேச்சை நாலரைக்குப் பயந்து தள்ளி வைத்திருப்பார்களோ, தெரியாது. "அஞ்சேகாலுக்குள்ள முடிச்சிடு" என்று கயிற்றை விட்டார்.

அந்தக் காட்சியில் நான் செய்தது இதுதான். அடுப்பில் சோறு கொதிக்கிறது. கொழுந்தனார் வந்து செய்தி சொல்கிறார். நான் அவரைப் பார்க்கிறேன். அடுப்பைப் பார்க்கிறேன். வளையலை மேலே ஏற்றிக்கொள்கிறேன். பானையை இறக்கி, தட்டை வைத்து வலது கையால் அழுத்தி மூடி, கஞ்சியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் வடிக்கிறேன். நிமிர்த்தி வைக்கிறேன். அதற்குப் பிறகு, பானையைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிடுகிறேன். சத்தம் கிடையாது.

சபையில் முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. தொலைந்தோம், அண்ணன் சொன்னது சரிதான் என்று நினைத்தேன். பிறகு எங்கிருந்தோ ஒரு விசும்பல். அதன் பிறகு வரிசை வரிசையாக. வந்திருந்தவர்களில் சயாமுக்கு ஆளைக் கொடுக்காத வீடு எத்தனை இருந்திருக்கும்? ஓரத்தில் பார்த்தேன்; சாயங்கால ஆட்டத்துக்கு முகத்துக்குப் பவுடர் போட வந்திருந்த கண்டக்டர் அண்ணன், ஒரு கன்னத்தில் மட்டும் பவுடரோடு, வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார்.

திரை விழுந்ததும் முதலில் வந்து என் கையைப் பிடித்தது எங்கள் அடுத்த தெரு அக்கா. கம்போங் செட்டிக்காரர்; தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே தங்கிவிட்ட தமிழ் வம்சம். கோயிலுக்கு எங்களைவிட ஒழுங்காகப் போவார். ஆனால் பேச்செல்லாம் அவர்கள் வீட்டு மலாய்தான், தமிழ் புரியாது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நாசி தாக் ஹாங்குஸ், கான்?" என்று கேட்டார். சோறு கரியவில்லையே என்று. இல்லை அக்கா, கரியவில்லை என்றேன். நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். வாத்தியார் எழுதிய வசனம் ஒன்றுகூடப் புரியாதவருக்கு அது ஒன்று மட்டும் புரிந்திருந்தது. எனக்கு அங்கேயே ஆடவேண்டும் போல ஒரு சந்தோஷம்.

அம்மா கடைசியாக வந்தாள். முந்தானை நுனி நனைந்து கசங்கியிருந்தது. என் முதுகில் இருந்த பின்னூசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஏழாவதைக் கழற்றிய பிறகு, "நான் தட்ட இடது கையால பிடிச்சேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஆமாம், அது அம்மா செய்ததுதான். ஜப்பான்காரன் சண்டை முடிந்த வருஷம், எனக்கு எட்டு வயது. எங்கிருந்தோ கிடைத்த அரைப்படி அரிசி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் மரவள்ளிக்கிழங்கு தின்ற வீட்டில் அது என்ன சாதாரண அரிசியா? அப்பா வெளியிலிருந்து வந்து, மாமா, அம்மாவின் தம்பி, இனி சயாமிலிருந்து வரமாட்டார் என்று அம்மாவிடம் சொன்னார். நான் சுவரோரம் பாயில் கண்ணை மூடிக் கிடந்தேன். அம்மா என்ன செய்தாள் என்பதை இமை இடுக்கில் பார்த்தேன். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் பேசியதில்லை.

ரவிக்கையை அண்ணனிடம் கொடுத்துவிட்டு நாங்கள் வீட்டுக்கு நடந்தோம். எதிரே அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி வந்துகொண்டிருந்தார். "வாத்தியாரு டிக்கெட் குடுத்துட்டாரு. வீணாப் போகக் கூடாதேன்னு" என்றார், யாரும் கேட்காமலே. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. மகள் நடிக்கும் ஆட்டத்தைப் பார்க்க மாட்டாராம், அதே கதையில் கண்டக்டர் உருளுவதைப் பார்க்க வெள்ளைச் சட்டையாம்! போங்கள், போய் நன்றாகப் பாருங்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே நடந்தேன்.

அவர் நாங்கள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் திரும்பிவிட்டார். சோறு வேண்டாம் என்றார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துவிட்டார். சபையில் யாரோ என்னைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார்கள், இனி மத்தியானமும் போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன்.

மறுநாள் காலை, முதல் பஸ் எடுக்கப் போகிற வழியில் கண்டக்டர் அண்ணன் ரவிக்கையோடு வாசலில் நின்றார். அக்குள் தையல் விட்டிருந்தது. அப்பா உள்ளே கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, நேத்து நான் உருளல. நீ செஞ்ச மாதிரியே செஞ்சேன். பானை, கஞ்சி, வளையல், எல்லாம். மத்தியானம் அத பாத்த பொறவு எனக்கு உருள மனசு வரல."

"அப்புறம் எப்படிண்ணே தையல் விட்டுச்சி?"

"பானைய தூக்கயில. கனமான பானையால்ல வாங்கி வச்சிருக்கீங்க!" சிரித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "ஜனங்க அப்படியே ஒக்காந்துட்டாங்க. ஒரே ஒருத்தர் மட்டும் நடுவுல எழுந்து வெளிய போயிட்டாரு. உங்கப்பா."

அண்ணன் போன பிறகு, ரவிக்கையோடு மிஷினில் போய் உட்கார்ந்தேன். அக்குளில் தொங்கிய நூலைக் கத்தரித்தேன். அப்பா கோப்பிக் குவளையை வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். சைக்கிள் சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கு நீ முழிச்சிக்கிட்டா இருந்தே?"

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. தலையை ஆட்டினேன்.

"நீ தூங்கிட்டதால்ல நெனச்சேன்." சாவியைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு, "நேத்து மேடையில அவன் தட்ட வலது கையால பிடிச்சான். உங்கம்மா இடது கையால பிடிச்சா" என்றார்.

அடுப்படியில் அம்மா கழுவிக்கொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றது. பன்னிரண்டு வருஷமாக இரண்டு பேரும் தனித்தனியாக அந்தக் கையை நினைவில் வைத்திருந்திருக்கிறார்கள்.

"என் தப்புதான்ப்பா. அண்ணன் என்னைப் பாத்துச் செஞ்சாரு. அடுத்த தடவ சரியா செய்றேன்" என்றேன். அடுத்த தடவை என்று வாயில் வந்துவிட்டதே என்று அப்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எப்போ?"

"மெர்டேகா முடிஞ்சு மறுபடியும் போடறதா வாத்தியார் சொன்னாரு. திடல்ல. ஒரே ஆட்டம்தான்."

"எத்தன மணிக்கு?"

"சாயங்காலம் ஏழு மணிக்கு" என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல். ஏழு மணிக்கு என்றால் எல்லோரும் வருவார்கள். ஆம்பிளைகள், அவர் மீட்டர் பார்க்கிற வீட்டுக்காரர்கள், அத்தனை பேரும்.

அப்பா மிஷின் மேஜையில் கிடந்த பின்னூசிகளைக் கையில் எடுத்தார். ஏழையும் எண்ணுகிற மாதிரி உள்ளங்கையில் உருட்டினார். ரவிக்கையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எப்போதும் வருகிற அந்த "ம்" வரும் என்று காத்திருந்தேன்.

"எதுக்கு ஊசி குத்திக்கிட்டு நிக்கணும்? பிரிச்சு உன் அளவுக்குத் தச்சிடு."

"அப்புறம் அண்ணன் எதைப்பா போடுவாரு?"

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினார். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டுச் சொன்னார்:

"அவன் மீசை வளக்கட்டும்."